அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போன வெப்பம்

கம்பெனிக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி ஆறாயிரத்து நூற்று நாற்பத்தேழு ரூபாய் அறுபது காசு. இதை நான் கடனாக வாங்கவில்லை. சம்பள முன்பணமும் இல்லை. என் வலது கையில் ஏறிய வெப்பத்துக்கு அவர்கள் போட்ட விலை.

நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோது கையில் கட்டு இருந்தது. உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாற்பது தாண்டித்தான் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தேன் என்பதால் எந்தச் சொல்லையும் என்னால் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

முதல் வரி: ஊழியர் தம் வலது கையில் ஏற்றுக்கொண்ட கம்பெனி வெப்பம். இரண்டாவது வரி: மேற்படி வெப்பத்தை வாசல் அனுமதிச் சீட்டு இல்லாமல் தொழிற்சாலைக்கு வெளியே கொண்டு சென்றதற்கு அபராதம். மூன்றாவது: மேற்படி வெப்பத்தைத் தணிக்க, கம்பெனியின் குளிர்விப்புக் குழாயிலிருந்து எடுத்த தண்ணீர். கடைசி அறுபது காசு, இந்த நோட்டீஸை அச்சடித்த தாளுக்கு.

‘ஏற்றுக்கொண்ட’ என்ற சொல்லில் வெகு நேரம் நின்றேன். வெளியே கொண்டு சென்றது என்னவோ உண்மைதான். என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது கையும் கூடவே வந்தது.

“என்னங்க, சம்பளமா?” என்றாள் வீட்டுக்காரி.

“இல்ல. நாமதான் கட்டணுமாம்.”

“எதுக்கு?”

“கை வெந்ததுக்கு.”

அவள் சோற்றுக் கரண்டியோடு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். “வேகாம இருந்திருந்தா எவ்வளவாம்?”

பாக்கி தீரும்வரை வாசலுக்குள் விடக் கூடாது என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் துணி சோப்பு செய்கிறோம். நான் காரக் கூடத்தில். பெரிய டிரம்மில் தண்ணீர் பிடித்து, பதிவேட்டில் ‘காரம்’ என்று எழுதுகிற காஸ்டிக் சோடாச் செதிள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கிளறிக் கரைப்பது என் வேலை. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கரையக் கரையத் தண்ணீர் தானாகவே சுடும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தக் காரக் கரைசல் குழாய் வழியாகப் போய் எண்ணெயில் சேர்ந்தால் சோப்பு. தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் கிடக்கும் செதிள்கள் கட்டிபட்டு, சூடு ஒரே இடத்தில் சேர்ந்து, தண்ணீர் கொதித்து எகிறி முகத்தில் அடிக்கும். இது எனக்குத் தெரியும், கிளறுகிறவனுக்குத் தெரியும், கூட்டுகிறவருக்குத் தெரியும். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். தரச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, கிடங்குப் பதிவேட்டில் பொருள்கள் ஒழுங்கில்லாமல் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லிப் போனார்கள். பெரிய மேலாளர் அன்றே உத்தரவு போட்டார்: இனி எல்லாம் அகரவரிசை. முதலில் பதிவேடுகள் மாறின. பிறகு அலமாரிகள். பிறகு சாப்பாட்டு அறையில் பெயர் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பங்காளிகள் அடுத்தடுத்து உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு முதலுதவிப் பெட்டி. அதில் கட்டுத்துணி முதலில், மருந்து பிறகு. எடுக்க வேண்டிய வரிசையும் அதுவே என்று மூடியில் எழுதி ஒட்டினார்கள்.

கடைசியாகக் காரக் கூடத்துக்கு வந்தது. பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். ‘பதிவேட்டில் உள்ள வரிசையே கலத்தில் இடும் வரிசை. ஒன்று, காரம். இரண்டு, தண்ணீர்.’

நான்தான் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஏதோ நானே ‘க’வைத் தூக்கி ‘த’வுக்கு முன்னால் வைத்த மாதிரி.

“அடப்பாவி, நீ படிக்காம இருந்திருக்கலாம்” என்றான் துடுப்பு. அவன் கிளறுகிறவன். கையில் எப்போதும் அந்த நீளத் துடுப்பு இருப்பதால் அவன் சொந்தப் பெயரைச் சம்பள நாளில் மட்டும்தான் கேட்போம்.

ஃபார்முலா மேடத்திடம் போனோம். கம்பெனியில் வேதியியல் படித்தவர் அவர்.

“மேடம், காஸ்டிக்க முதல்ல கொட்டி அது மேல தண்ணி ஊத்தினா மூஞ்சியில அடிக்கும். உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்புறம் எப்படிங்க?”

“தெரியும்கிறது என்னோட சொந்தக் கருத்துப்பா. கம்பெனியோட கருத்து போர்டுல இருக்கு.”

“நீங்க ஒரு வார்த்தை மேல சொல்லலாமில்ல?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் பிரிவு வேதிவினைப் பிரிவு. காஸ்டிக் தண்ணியில கரையறது வேதிவினைன்னு சொல்ல முடியாது, அது கரைதல். எண்ணெயில போய்ச் சேர்ந்தப்புறம்தான் வேதிவினை ஆரம்பிக்கும். அதுக்கு முன்னால யாருக்கு என்ன ஆனாலும் அது எனக்கு வராது.”

துடுப்புக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீருக்கு ‘ஊத்துற தண்ணி’ என்று பெயர் வைத்துவிட்டால்? ‘ஊ’ காரத்துக்கு முன்னால் வந்துவிடும். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னதால் நானே மனு எழுதினேன், கையெழுத்தும் வாங்கினோம். பதில் வந்தது. ‘பரிசீலிக்கப்பட்டது. தண்ணீருக்குப் பெயர் மாற்றம் செய்யும் அதிகாரம் இத்தொழிற்சாலைக்கு இல்லை. இதை அனுமதித்தால் நாளை காரமும் பெயர் மாற்றம் கோரக்கூடும்.’

மனுவில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் என்று பெரிய மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “எழுத்துப் படிச்சு எத்தனை நாளாச்சு?”

“போன வருஷம்தாங்க முடிச்சேன்.”

“அதுக்குள்ள எழுத்து வரிசையத் திருத்த வந்துட்டியா? காலங்காலமா ‘க’ முன்னாடி, ‘த’ பின்னாடி. நீ மாத்தப் போறியா?”

மாற்றவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “ம், ஊத்து” என்றார். டிரம்மின் அடியில் காஸ்டிக் வெள்ளையாகக் கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை எட்டும் மட்டும் நீட்டி, வாளியைச் சாய்த்தேன். முகம் தப்பியது. கை தப்பவில்லை.

முதலுதவி செய்கிறவர் ஓடி வந்து பெட்டியைத் திறந்து, வரிசைப்படி முதலில் கட்டைக் கட்டினார். கட்டின்மேல் மருந்தைத் தடவினார். துடுப்பு அவரைத் தள்ளிவிட்டு, கட்டைப் பிய்த்தெறிந்து, குளிர்விப்புக் குழாயைத் திறந்து என் கையை அதன் அடியில் பிடித்து வைத்தான். நான் உருவப் பார்த்தேன், விடவில்லை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே பிடித்திருந்தான். அந்தத் தண்ணீரால்தான் கை மிஞ்சியது என்று டாக்டர் சொன்னார். பில்லில் மூன்றாவது வரி அந்தத் தண்ணீர்தான்.

அன்றிலிருந்து காரக் கூடத்தில் யாரும் போர்டைப் பார்ப்பதில்லை. தண்ணீரை முதலில் பிடிக்கிறார்கள், பதிவேட்டில் மட்டும் காரத்தை முதலில் எழுதுகிறார்கள். பதிவேடு பார்க்க வருகிறவர்களுக்கு மிகவும் திருப்தி.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வெப்ப அதிகாரியைப் பார்க்கப் போனேன். வாசலில் விடாததால் அவரே வாசலுக்குப் பக்கத்துச் சிறு அறைக்கு வந்தார். புதிய பதவி அது. காரக் கூடத்தில் சும்மா எழுகிற சூட்டை எண்ணெய்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டு எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்று யாரோ சொல்ல, சூட்டுக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு குளிர்சாதன அறை என்று ஆகிவிட்டது. அதுவரை நாங்கள் டிரம் ஓரத்தில் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சூடாக்கிக்கொள்வோம். அதையும் நிறுத்திவிட்டார்கள். சூடு கம்பெனிச் சொத்து.

துடுப்பும் துணைக்கு வந்து நின்றான்.

“உட்காருப்பா” என்றார் வெப்ப அதிகாரி. நல்ல மனிதர், சிரித்த முகம். “ஆற்றல் மாற்றம் ரெண்டு வகை. வெப்ப உமிழ், வெப்ப ஏற்பு. டிரம் உமிழ்ந்துச்சு. நீ ஏற்ற. இதுல ஏதாவது சந்தேகம் இருக்கா?”

“நான் ஏக்கலீங்க ஐயா. அது மேல வந்து விழுந்துச்சு.”

“விழுந்தப்ப வேண்டாம்னு சொன்னியா?”

“கத்தினேங்க.”

“என்ன சொல்லிக் கத்தினே?”

“அம்மான்னு.”

எழுதிக்கொண்டார். “அதுல மறுப்புன்னு எதுவும் இல்லையே.”

“ஐயா, உமிழ்றதுன்னா துப்புறதுதானே?” என்றான் துடுப்பு. “துப்பினத யாராவது திரும்பக் கேப்பாங்களா?”

“வீட்டுல துப்பினா கேக்க மாட்டாங்க. கம்பெனியில துப்பினா அது கம்பெனிக் கணக்கு. ஆற்றல் அழியாதுப்பா. ஒரு இடத்துல குறைஞ்சா இன்னொரு இடத்துல ஏறியிருக்கணும். அன்னைக்கு எண்ணெய்த் தொட்டிக்கு வர வேண்டிய வெப்பம் வரல. எங்க போச்சு? கொஞ்சம் கூரைக்குப் போச்சு, கொஞ்சம் காத்துல போச்சு, கொஞ்சம் உன் கைக்குப் போச்சு.”

“அந்தக் கொஞ்சத்துக்கா ஆறாயிரம்?” என்றேன்.

“கூரைக்கு ஊழியர் எண் இல்ல. காத்துக்கு முகவரி இல்ல. பதிவேட்டுல இருக்கறது நீ ஒருத்தன்தான்.”

“அப்ப கூரைக்குப் போனதும் என் தலையிலயா?”

“தலையில இல்லப்பா. கையில.” கரிசனத்தோடுதான் திருத்தினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வெப்பமானியை எடுத்து என் அக்குளில் வைத்தார். எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “இன்னும் சூடா இருக்கியே! இவ்வளவு நாளாகியும் திருப்பித் தராம உள்ளயே வெச்சிருக்க.”

“காய்ச்சலுங்க. புண்ணு சீழ் வெச்சிருக்கு.”

“அதுக்கு ஆதாரம் இருக்கா?”

இல்லை. கை இருந்தது. அது ஆதாரம் ஆகாது என்றார்.

சீழ் வற்றிப் புண் ஆறிவிட்டது. ஆனால் மூன்று விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொண்டே வந்தன. இப்போதே அறுத்துத் தோல் வைத்துத் தைத்தால் விரல் நீளும். தள்ளிப்போட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டுக்காரி திரும்பக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றை இரண்டாம் முறை கேட்கவில்லை என்றால் அது நடக்காது என்று அர்த்தம்.

தொழிலாளர் நல அலுவலகத்தில் இழப்பீடு கிடைக்கும் என்றார்கள். போனேன். அங்கிருந்த குமாஸ்தா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்பெனிச் சூட்டுலதான் வெந்துச்சுன்னு கம்பெனி ஒத்துக்கிட்டாங்களா?”

நோட்டீஸைக் காட்டினேன். அவர் ஒரு முறை வாசித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை வாசித்தார்.

“இது பணம் கேட்டு வந்த தாள்தான். கையெழுத்தே இல்ல. நாளைக்கு ‘தப்பா அனுப்பிட்டோம், வாபஸ்’னு ஒரு வரி எழுதினா இது வெறும் தாள். அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு காட்ட ஒண்ணு வேணும்ப்பா.”

பாக்கியை எதிர்த்து விசாரணை கேட்டேன். கம்பெனியில் விசாரணை கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள். அதற்கென்று ஒரு கூடம் இருக்கிறது, துணி உறை போட்ட நாற்காலிகள் இருக்கின்றன, பிஸ்கட்டும் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் எனக்கு வாசல் திறந்தது. துடுப்பும் காரக் கூடத்து ஆட்களும் சுவரோரம் நின்றார்கள். மேசை நடுவில் சாட்சிப் பொருளாக ஓர் இரும்புச் சட்டியில் காஸ்டிக் செதிளும், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். அகரவரிசைப்படிதான் வைத்திருந்தார்கள்.

பெரிய மேலாளர் எழுந்தார். அவருக்கு வேதியியல் மேல் தனிப் பிரியம். ஃபார்முலா மேடம் எழுதிக் கொடுப்பார், இவர் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார்.

“நண்பர்களே! நம் தொழிலே கரிம வேதியியல். எண்ணெய் என்பது கார்பன் சங்கிலி. கார்பனுக்கு நான்கு கைகள் உண்டு. நான்கு கைகளும் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கை வெந்துவிட்டது என்று எந்தக் கார்பனும் இதுவரை விடுப்புக் கேட்டதில்லை!”

“அதுங்க சங்கம் வைக்கல, அதான்” என்றான் துடுப்பு சுவரோரமிருந்து.

“யார் அது? சரி. சோப்பு எப்படி உருவாகிறது? எண்ணெயில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசரினைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காரம் வருகிறது. மூன்றும் கிளிசரினை விட்டுவிட்டுக் காரத்தோடு சேர்கின்றன. சோப்பு பிறக்கிறது. இத்தனை நாள் கூட இருந்த கிளிசரின் என்ன செய்கிறது? கலாட்டா செய்கிறதா? மனுக் கொடுக்கிறதா? அமைதியாக ஒதுங்கி நிற்கிறது. அதைத் தனியே விற்று நாம் லாபம் பார்க்கிறோம். ஒரு தொழிலாளி கிளிசரினைப் போல இருக்க வேண்டும்!”

கைதட்டல். மேலாளரும் கைதட்டினார்.

“பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். பிணைப்பு உருவானால் ஆற்றல் வெளிவரும். இது இயற்கையின் விதி. நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள பிணைப்பில் வெளிவருகிற ஆற்றலை நிர்வாகம் வைத்துக்கொள்கிறது. பிணைப்பு உடையும்போது தேவைப்படுகிற ஆற்றலைத் தொழிலாளி கொடுக்கிறார். இப்படி இருவருக்கும் சம பங்கு இருக்கிறது. ஆகவே, தவறாக ஊற்றிய ஊழியர் தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதிக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.”

தாளை என் முன்னால் தள்ளினார்கள். எனக்கு வாசிக்க நேரமாகும் என்று தெரிந்ததால் பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. வாசித்து முடித்தேன்.

“ஐயா, நான் தப்பா ஊத்தினேன்னு இதுல இருக்கு.”

“ஆமா.”

“போர்டுல இருக்கற வரிசையிலதான் ஊத்தினேன்.”

“வரிசை சரி. ஊத்தின விதம் தப்பு.”

“சரிங்க. எனக்குத் தெரியாததுதான் போலிருக்கு. சட்டி இருக்கு, தண்ணி இருக்கு. சரியான விதம் எதுன்னு ஒரு தடவை ஊத்திக் காட்டிடுங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”



பெரிய மேலாளர் குவளையைப் பார்த்தார். “செய்முறை விளக்கம் எல்லாம் என் நிலைக்குக் கீழே உள்ளவர்கள் செய்வது” என்று அதை வெப்ப அதிகாரியின் பக்கம் நகர்த்தினார்.

“ஊத்தினா வெப்பம் வரும்” என்றார் வெப்ப அதிகாரி. “வந்தா நான் அளக்கணும். அளக்கறவனே ஊத்தினா கணக்கு ஒருதலைப் பட்சமாயிடும்.” குவளை ஃபார்முலா மேடத்திடம் போனது.

“இது கரைதல்” என்றார் மேடம், குவளையைத் தொடாமலே. “எண்ணெய் கொண்டு வந்தீங்கன்னா நான் பாத்துக்கறேன்.”

குவளை மேற்பார்வையாளரிடம் வந்தது. அவர் தனக்குக் கதவுக்கு வெளியே நின்றுதான் பழக்கம் என்றார். வாசல் காவலரைக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்குப் புள்ளகுட்டி இருக்குங்க” என்று ஒரே வரியில் முடித்தார். அந்தக் கூடத்தில் அன்று பேசியதில் அது ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

குவளை சுற்றி மேலாளர் முன்னாலேயே வந்து நின்றது.

“ஊத்துங்க ஐயா” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. “நான் ஊத்தினேன். நீங்க சொன்னீங்க, நான் ஊத்தினேன். கையத் தூரமா நீட்டி ஊத்துங்க, மூஞ்சி தப்பிக்கும்.”

சுவரோரம் நின்ற துடுப்பும், “ஊத்துங்க ஐயா, பாத்துக் கத்துக்கறோம்” என்றான்.

பெரிய மேலாளர் குவளையைக் கையில் எடுத்தார். நெற்றி வேர்த்திருந்தது. சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுக் காலிக் குவளையை வைத்தார்.

குழு பக்கத்து அறைக்குப் போய்க் கூடிப் பேசிவிட்டு வந்தது. முடிவை வெப்ப அதிகாரி வாசித்தார்.

“மேற்படி காரமும் மேற்படி தண்ணீரும் அகரவரிசைப்படி ஒரே கூடத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டன. வெப்பம் எதுவும் வெளிப்படவில்லை. எனவே சம்பவ நாளன்றும் வெப்பம் வெளிப்பட்டிருக்க வாய்ப்பில்லை. வெளிப்படாத வெப்பத்தை ஊழியர் ஏற்றிருக்க முடியாது. எனவே பாக்கி முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஊழியரின் கை சிவந்திருப்பது அவருடைய சொந்த நிறம் எனக் கருதப்படும்.”

மறுபடியும் கைதட்டல். எல்லோரும் என்னிடம் கை குலுக்க வந்தார்கள். வலது கையைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டினார்கள்.

“சந்தோஷம்தானே?” என்றார் பெரிய மேலாளர். “நாளைக்கு மதியம் உத்தரவு டைப் ஆகி, சீல் விழுந்து கீழே வந்துடும். அதோட உனக்கும் கம்பெனிக்கும் ஒண்ணும் கிடையாது.”

ஒன்றும் கிடையாதுதான். வெப்பமும் கிடையாது, விபத்தும் கிடையாது, இழப்பீடும் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி ஒரு சலவைக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறாள். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தவள், சட்டென்று கையை உதறினாள்.

“தள்ளுபடின்னா நீங்க எதுக்குச் சரின்னு தலையாட்டினீங்க?”

“பின்ன, கட்டவா சொல்ற?”

“ஆமா, கட்டுங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? இல்லாத சூட்டுக்கு...”

“இல்லாத சூடா?” என் கையைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினாள். “எங்க கடையில புடவை காணாமப் போச்சுன்னு வராங்க. வெறும் வாயில எவ்வளவு சண்டை போட்டாலும் முதலாளி ‘உங்க புடவை இங்க வரவே இல்லம்மா’ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிடுவாரு. ரசீது வெச்சிருந்தாங்கன்னு வையுங்க, உட்கார வெச்சு டீ வாங்கிக் குடுப்பாரு. அவங்க காசு வாங்கினா ரசீது குடுத்துத்தானே ஆகணும்? எதுக்காக வாங்கினோம்னு அதுல எழுதித்தானே ஆகணும்?”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன பாக்கறீங்க? உத்தரவு மதியம்தானே கீழ வரும்? காலையில கவுன்ட்டர் திறக்குமில்ல?”

அன்று ராத்திரி துடுப்பு பணம் திரட்ட வீடு வீடாகப் போனான். விஷயத்தைச் சொன்னதும் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லையாம். பங்காளிகள் இரண்டு பேரும்கூடத் தனித்தனியாகக் கொடுத்தார்கள், மற்றவன் கொடுத்ததைவிடத் தான் கொடுத்தது கூட என்று என்னிடம் சொல்லச் சொல்லி.

காலையில் கவுன்ட்டர் திறக்கும்போதே நின்றேன். பணம் வாங்கும் ஜன்னல் வெளிச் சுவரில் இருப்பதால் அதற்கு வாசல் அனுமதி தேவையில்லை. பணம் கொடுக்க வருகிறவனை எந்தக் கம்பெனியும் வாசலில் நிறுத்தாது. காசாளரை நாங்கள் சீல் என்போம். எதைத் தள்ளினாலும் சீல் வைத்துத் திருப்பித் தள்ளுவார். நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

நோட்டீஸையும் பணத்தையும் இடது கையால் உள்ளே தள்ளினேன். எண்ணினார். சில்லறையை எண்ணினார். அறுபது காசையும் எண்ணினார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

“என்ன வகையில?”

“நோட்டீஸ்ல இருக்குங்க.”

பார்த்து எழுதினார். எழுதுகையில் உதடு அசைந்ததால் எனக்கும் கேட்டது. “ஊழியர் தம் வலது கையில் ஏற்றுக்கொண்ட கம்பெனி வெப்பத்துக்காக.” அடுத்த கட்டத்துக்குப் பேனா நகர்ந்தது. “சரக்குப் பெற்ற நாள்?”

சொன்னேன்.

“பெற்ற இடம்?”

“காரக் கூடம்.”

“பெற்ற விதம்?”

“போர்டுல இருந்த வரிசைப்படி தண்ணி ஊத்தினப்ப.”

‘நிர்வாக உத்தரவுப்படி’ என்று எழுதினார். அவருக்கு அதுதான் வழக்கமான வாசகம். வலது மூலையில் கையெழுத்து. மை அட்டையில் ஒரு குத்து, ரசீதில் ஒரு குத்து. ஜன்னல் வழியாக ரசீது வந்தது. ஓரத்தைப் பிடித்து வாங்கி, ஒவ்வொரு சொல்லாக ஏறி இறங்கி வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வெப்ப அதிகாரி. மதியம் வர வேண்டிய உத்தரவைக் காலையிலேயே கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ.

“வாங்காதே! பணம் வாங்காதே!”

“வாங்கிட்டேனே” என்றார் சீல்.

“திருப்பிக் குடு! தள்ளுபடி ஆன பாக்கி அது!”

“உத்தரவு சீல் விழலியே ஐயா. விழற வரைக்கும் பாக்கி பாக்கிதான்.”

“சரி, ரசீதைக் கேன்சல் பண்ணு!”

“ரசீது கட்டினவங்க கையில இருக்கு. அத வாங்கினாத்தான் கேன்சல் பண்ண முடியும்.” சீல் வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மடங்கிய விரல்களைப் பார்த்தார், பிறகு குனிந்து பணக்கட்டுக்கு ரப்பர் வளையம் போட ஆரம்பித்துவிட்டார்.

வெப்ப அதிகாரி வாசலைச் சுற்றி வெளியே வந்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து தன் சொந்தப் பர்ஸை எடுத்துப் பிரித்தார். “இந்தாப்பா. உன் பணம் முழுசும் நானே தரேன். மேல ஐந்நூறு வெச்சுக்க. ஆயிரம் வெச்சுக்க. அந்தத் துண்டுக் காகிதத்தக் குடு.”

“வேண்டாங்க ஐயா.”

“என்னப்பா நீ, கம்பெனியே உனக்குத் தள்ளுபடி பண்ணுதுன்னா, வேண்டாம்னு கட்டுவியா? யாராவது இப்படிச் செய்வாங்களா?”

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இடது கையால் மடிக்கக் கொஞ்ச நேரமானது. அதுவரை அவர் பர்ஸைப் பிரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

“என் பக்கத்துப் பாக்கி தீர்ந்துதுங்க ஐயா” என்றேன். “இனிமே உங்க பக்கந்தான்.”